வெயிலில் ஒரு முறை, பனியில் ஒரு முறை: உதகை ஏரி



நான் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. குடியிருப்பது பாகான் டாலாமில். எங்கள் பள்ளியைச் சுற்றியிருந்த ரப்பர் மரங்கள் போய் இப்போது செம்பனையும் தொழிற்சாலையும் வந்துவிட்டன. ஆனாலும் அதைத் தோட்டப் பள்ளி என்றே இன்றும் சொல்கிறோம்.

நான்கு பருவங்களைப் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். புத்தகத்தில் பனி மூடிய மலையும் அதன் அடியில் ஓர் ஏரியும் படமாக இருக்கும். "டீச்சர், நீங்க பனியப் பாத்திருக்கீங்களா?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும். "இல்லை" என்றுதான் பல வருடங்கள் சொல்லி வந்தேன். பார்க்காத ஒன்றைப் பாடமாகச் சொல்வது எவ்வளவு சிரமம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும்.

இப்போது "பார்த்திருக்கிறேன்" என்று சொல்ல முடிகிறது. அதற்காக நான் சுவிட்சர்லாந்துக்குப் போகவில்லை. நம் முன்னோர்கள் கப்பலேறிய தமிழ்நாட்டிலேயே, நீலகிரி மலைமேல் இருக்கும் உதகமண்டலத்து ஏரியை இரண்டு முறை பார்த்தேன். ஒரு முறை கோடையில், மறுமுறை குளிரில். ஏரி ஒன்றுதான். ஆனால் நான் பார்த்தது இரண்டு ஊர்.

எவ்வளவு உயரம்?

பினாங்குவாசிகளுக்கு மலை என்றால் புக்கிட் பெண்டேரா. அதன் உயரம் சுமார் 830 மீட்டர். கேமரன் மலையில் தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர். தீபகற்ப மலேசியாவிலேயே உயர்ந்த மலையான குனோங் தஹானின் உச்சி 2,187 மீட்டர். ஊட்டி நகரமோ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் நாட்டில் மலையேறுவோர் பல நாள் காட்டில் நடந்து தொடும் உச்சியைவிட உயரத்தில் அங்கே பேருந்து நிலையம் இருக்கிறது, சந்தை இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, படகு ஓடும் ஏரியும் இருக்கிறது!

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் ஏறுகிறது. குன்னூர் வரை 1899-லும், உதகை வரை 1908-லும் பாதை போட்டார்கள். 46 கிலோமீட்டர் தூரம், 16 சுரங்கங்கள். செங்குத்தான இடத்தில் சக்கரம் வழுக்காமலிருக்க, தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை போகிறது. அதில் எஞ்சினின் பல்சக்கரம் கவ்விக் கவ்வி ஏறுகிறது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மாட்டு வண்டி வேகம்தான். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் காற்று குளிர்ந்துகொண்டே வருவதை முகத்தில் உணரலாம்.

கோடையில் ஒரு நாள்

முதல் பயணம் 2017 மே கடைசி வாரம், நம் பள்ளிகளின் நடு ஆண்டு விடுமுறை. கணவர், இரண்டு பிள்ளைகள், நான். நாமக்கல் பக்கத்திலுள்ள தாத்தாவின் கிராமத்தைப் பார்த்துவிட்டு, ஒரு சுற்றுலா வேனில் ஏறிக்கொண்டோம்.

கீழே கோயம்புத்தூரில் வெயில் கொளுத்துகிறது. மேலே போனால் நம் ஊரில் நல்ல மழைக்குப் பின் வரும் இதமான குளிர். அதற்காகவே ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாடு முழுவதும் ஊட்டிக்குக் கிளம்பிவிடுகிறது. இதைத்தான் அங்கே "சீசன்" என்கிறார்கள். 1848-ல் தொடங்கிய தாவரவியல் பூங்காவில் மே மாதம் மலர்க் கண்காட்சி. ஏரிக்கரையில் மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு மூன்றுக்கும் நீண்ட வரிசை. குதிரைச் சவாரி, பலூன், வேகவைத்த மக்காச்சோளம், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்! எங்கள் மகன் மிதிபடகை விட்டு இறங்கவே மாட்டேன் என்றான்.

இந்த ஏரி இயற்கையாக உண்டானதல்ல என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் என்ற வெள்ளைக்காரர், 1820-களின் முற்பகுதியில், மலையிலிருந்து இறங்கும் ஓடைகளைத் தடுத்து இந்த ஏரியை உண்டாக்கினார். அப்போது ஏரி இன்றையதைவிடப் பெரியது. காலப்போக்கில் கரைகள் தூர்ந்து, இன்றைய பேருந்து நிலையமும் குதிரைப் பந்தயம் நடந்துவந்த மைதானமும் பழைய ஏரிப் பரப்பின்மேல்தான் இருக்கின்றன. ஊர்க் கழிவும் கால்வாய் வழியே ஏரிக்குள் வந்ததால் அந்தத் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. அழகைச் சொல்லும்போது இதையும் சொல்லிவிட வேண்டுமல்லவா?

அன்று எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. உண்மையில் அதற்காகவே ஊட்டியைப் பயணத்தில் சேர்த்தேன்.

என் தாத்தாவும் அவர் தம்பியும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். பஞ்சம் பிழைக்க அண்ணன் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்கு வந்தார். தம்பி மண்டபம் முகாம் வழியாக இலங்கைக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தார். பிறகு அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. 1979-ல் நீலகிரியிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு ஓர் ஆகாயத் தபால் வந்தது. தாத்தா அதற்கு முந்திய ஆண்டே இறந்துவிட்டதால் அப்பாதான் பிரித்துப் படித்தார். சின்னத் தாத்தா எழுதியிருந்தார். இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு இங்கே வந்து சேர்ந்துவிட்டோம், மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அண்ணனால் முடிந்த உதவி ஏதாவது செய்தால் நல்லது என்று.

அப்பா பதில் எழுதவில்லை.

2015-ல் இறக்கும்வரை அந்தக் கடிதத்தை அவர் தகரப் பெட்டியில் வைத்திருந்தார். "எழுதணும் எழுதணும்னு நெனச்சேன், நாள் போயிடுச்சு" என்பார். அதற்கு மேல் பேசமாட்டார்.

அந்தப் பழைய முகவரியை வைத்துக்கொண்டு விசாரித்ததில், கல்யாணத்துக்கு நின்ற அந்த மகள், எனக்கு அத்தை முறை, வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகன் குடும்பத்தோடு ஊட்டியில் காந்தல் என்ற பகுதியில் இருப்பதாகத் தெரிந்தது. தேடிப் போய்விட்டோம். அத்தைக்கு அப்போது அறுபது வயது. என்னைக் கண்டதும் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "எங்கப்பா மூக்கு அப்படியே இருக்கே, மகளே" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. தேநீர் தந்தார். ஆனால் வாசலில் வேன்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். மொத்தம் இருபது நிமிடம். கடிதத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை.

கிளம்பும்போது அத்தை சொன்னார்: "நீ பாத்துட்டுப் போறது சீசன் ஊட்டி. அது வர்றவங்களுக்கு. எங்க ஊட்டியப் பாக்கணும்னா மார்கழியில வா. வேன்ல வராத. வீட்ல தங்குற மாதிரி வா."

குளிரில் நான்கு நாள்

2018 டிசம்பர் கடைசியில், ஆண்டு இறுதி விடுமுறையில், மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். கைப்பையில் தாத்தாவின் படமும் அந்த 1979 கடிதமும் இருந்தன.

முதல் இரவே குளிர் இன்னதென்று தெரிந்துபோனது. மூன்று கம்பளி போர்த்தியும் பாதம் சில்லிட்டது. நடுச்சாமத்துக்கு மேல் பாத்திரச் சத்தம் கேட்டு எழுந்தேன். அத்தானின் மனைவி தலையில் ஒரு துணியை இறுகக் கட்டி, அதன்மேல் விளக்கை மாட்டிக்கொண்டிருந்தார். "கேரட் புடுங்கப் போறேன். விடியறதுக்குள்ள லாரி ஏத்தணும். நீங்க தூங்குங்க டீச்சர்" என்றார். வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. அதில் ஏழெட்டுப் பெண்கள், எல்லாருடைய நெற்றியிலும் விளக்கு.

வாசகர்களே, அந்தக் காட்சியைக் கண்டதும் என் மனம் எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருட்டோடு பிரட்டுக்குப் போய், தலைவிளக்கோடு நிரைக்குள் இறங்கிய என் அம்மாதான் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

விடிவதற்குமுன் அத்தான் எங்களைத் தன் ஆட்டோவில் ஏரிக்கு அழைத்துச் சென்றார். படகுத் துறை பூட்டிக் கிடந்தது. மே மாதத்தில் காது கிழியக் கூச்சல் கேட்ட இடத்தில் ஒரு நாய்கூட இல்லை. ஏரி முழுவதும், அடுப்பில் வைத்த உலைபோல, வெள்ளை ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. கரையைச் சுற்றியிருந்த புல் பச்சையாக இல்லை, உப்புத் தூவினாற்போல வெளுத்துக் கிடந்தது. மகள் குனிந்து தொட்டுப் பார்த்து, "அம்மா, ஐஸ் பெட்டியில ஒட்டியிருக்குமே, அதே!" என்று கத்தினாள். அந்தக் குரல் ஏரியின் அக்கரை வரை போனது.

அதுதான் உறைபனி. வானத்திலிருந்து அது விழுவதில்லை. மேகமில்லாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது மலைச் சரிவுகளில் வழிந்து வந்து பள்ளத்தில் தேங்கி நிற்கும். அதனால்தான் மலை உச்சியைவிட ஏரியைச் சுற்றியுள்ள பள்ளத்திலும், பந்தய மைதானத்திலும், காந்தலிலும், தலைக்குந்தாவிலும் பனி அதிகம். புல்லின்மேல் படியும் ஈரம் அப்படியே உறைந்துவிடுகிறது. முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி என்று அந்த ஊர்க்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். நவம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை இது இருக்கும்.

ஆனால் ஏரி உறையவில்லை. தண்ணீர் மெல்லச் சூடேறி மெல்லத்தான் குளிரும். பகலில் வாங்கிய வெப்பத்தை விடியும்வரை கொஞ்சம் வைத்திருக்கும். மேலே இருக்கும் காற்று அதைவிடக் குளிராக இருப்பதால் ஆவி எழுகிறது. சிக்கிமில் 3,753 மீட்டர் உயரத்திலிருக்கும் சோம்கோ ஏரியும், ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலை ஏரிகள் பலவும் குளிர்காலத்தில் உறைந்துவிடுகின்றன. அப்போதும் மேல்பரப்புத்தான் உறையும். 4 பாகை வெப்பத்தில் தண்ணீர் மிகவும் கனமாக இருப்பதால் அது கீழே தங்கிவிட, பனிக்கட்டி மேலே மிதக்கிறது. அதன் அடியில் மீன்கள் உயிரோடிருக்கும். புத்தகத்தில் படித்துப் பல வருடங்கள் சொல்லிக்கொடுத்த பாடம் அன்றைக்குத்தான் எனக்கே விளங்கியது.

சூரியன் தலைகாட்டியதும் புல்வெளி முழுவதும் கண்ணாடித் தூள்போல மின்னியது. ஒரு கால்மணி நேரம்தான். பிறகு எல்லாம் வெறும் ஈரம்.

பனி பட்ட கொழுந்து

மறுநாள் அத்தையும் எங்களோடு தலைக்குந்தாவுக்கு வந்தார். அங்கே பனி பார்க்க வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அத்தை அதைப் பார்க்கவில்லை. திரும்பும் வழியில் சாலையோரத்துத் தேயிலைச் செடிகளையே பார்த்துக்கொண்டு வந்தார். சில இடங்களில் காய்ந்த புல்லையும் செடிகொடிகளையும் போட்டுத் தேயிலையை மூடி வைத்திருந்தார்கள். சில இடங்களில் விடியற்காலையில் தண்ணீரைத் தெளித்துப் பனியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டும் செய்யாத ஒரு துண்டு நிலத்தில் செடிகள் நெருப்பில் வாட்டியதுபோலக் கருகி நின்றன.

"பனி பட்ட அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. வெயில் ஏறினதும் கருகும். அதுக்கப்புறம் கொழுந்து வர வாரக்கணக்காகும். பேருக்குத்தான் வேலை. கொழுந்து இல்லாம என்ன சம்பளம்? நாங்க தை, மாசியில கடைப்பக்கம் தலைகாட்ட மாட்டோம், மகளே" என்றார்.

நான் சட்டென்று நின்றுவிட்டேன். கைப்பையிலிருந்த கடிதத்தின் தேதி எனக்கு மனப்பாடம். 1979 பிப்ரவரி. மாசி மாதம்.

பால் மரம் சீவியவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் மாசி மாதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? நம் வடக்குப் பகுதித் தோட்டங்களில் ரப்பர் மரம் இலையுதிர்க்கும் காலம் அது. மரம் மொட்டையாக நிற்கும். கோப்பையில் பால் பாதிகூட விழாது. தளிர் வந்து முற்றும்வரை சம்பளம் குறைவு. கடையில் கடன், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பழைய சட்டை. பனி இல்லாத நாட்டில் நமக்கும் ஒரு குளிர்காலம் இருந்தது.

அன்றிரவு அடுப்படியில் உட்கார்ந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் வந்து சேர்ந்ததை, அப்பா அதைப் படித்ததை, அவர் பதில் போடாததை. "வெறும் கடுதாசி எப்படிப் போடுறது, பால் கூடட்டும், பணத்தோட எழுதுவோம்னு அப்பா இருந்திருப்பார், அத்தை. பிறகு கல்யாண நாள் தாண்டியிருக்கும். பிறகு எழுத வெட்கமாப் போயிருக்கும்" என்றேன். இது என் ஊகம்தான். ஆனால் என் அப்பாவை எனக்குத் தெரியும்.

அத்தை கடிதத்தை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துத் தன் தகப்பனாரின் கையெழுத்தை நெடுநேரம் பார்த்தார். "அண்ணன் கோவமா இருக்காருன்னு எங்கப்பா நெனச்சுக்கிட்டே போயிட்டாரு" என்றார். அடுப்பில் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு, சற்றுப் பொறுத்து, "பனியில கருகின வருஷம் நாங்களும் யாருக்கும் கடுதாசி போட்டதில்ல. எங்களுக்குப் பனி, உங்களுக்கு எல" என்றார். தாத்தாவின் படத்தை வாங்கி, சின்னத் தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

பிறகுதான் தன் கதையைச் சொன்னார். பிறந்தது நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயம். அங்கேயும் 1,868 மீட்டர் உயரத்தில் ஓர் ஏரி. கவர்னர் கிரெகரி 1873-ல் அமைத்ததால் கிரெகரி ஏரி என்று பெயர். 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று முடிவானது. அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. 1976-ல் அது டான்டீ என்ற அரசு நிறுவனமானது. அத்தை குடும்பம் 1972-ல் தலைமன்னாரிலிருந்து கப்பலில் இராமேஸ்வரம் வந்து இறங்கியது.

"தாயகம் திரும்பினவங்கன்னு பேரு. நான் அதுவரைக்கும் பாக்காத ஊருக்கு எப்படிம்மா திரும்புறது?" என்று சிரித்தார். பிறகு, "உங்க ஊர்ல இந்த மாதிரி அனுப்பலையா?" என்று கேட்டார். 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் வேண்டும் என்று வந்ததையும், சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பலர் பினாங்கில் கப்பலேறித் திரும்பிப் போனதையும், எங்கள் லயத்திலேயே வீடுகள் காலியானதை அப்பா சொல்வதையும் சொன்னேன். "அப்போ எங்களுக்கு முன்னாடியே அந்தக் கப்பல்ல வந்திருப்பாங்க" என்றார் அத்தை.

போக விரும்புவோருக்கு

நீங்கள் போவதானால் சில குறிப்புகள். கூட்டமும் படகும் பூவும் பிடிக்குமானால் மே மாதம் போங்கள். பனி பார்க்க வேண்டுமானால் டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடியும்வரை சரியான காலம். மழையோ மேகமோ இருந்தால் உறைபனி விழாது, அதனால் நான்கைந்து நாள் தங்குவது நல்லது. சூரியன் எழும்புமுன் போய்விடுங்கள். கம்பளிச் சட்டையோடு காலுறை, கையுறை, காதுக்குல்லாய் அவசியம். 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கு வண்டியில் போவோர் முன்கூட்டியே இ-பாஸ் எடுக்க வேண்டும் என்று உயர்நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறை வந்திருக்கிறது. வாடகை வண்டி எடுத்தால் ஓட்டுநரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு அங்கே தடை, வீட்டிலிருந்தே ஒரு போத்தல் கொண்டு போங்கள்.

இன்னொன்று. கிளம்புமுன் உங்கள் வீட்டுப் பழைய பெட்டியை ஒரு முறை கிளறிப் பாருங்கள். மங்கிப்போன ஆகாயத் தபால் ஒன்று அடியில் கிடக்கலாம். அதில் ஒரு முகவரி இருக்கலாம். நேரமாகிவிட்டதே என்று கூச்சப்பட வேண்டாம். எங்கள் வீட்டுக் கடிதத்துக்குப் பதில் போய்ச் சேர 39 ஆண்டுகள் ஆயின. அதற்கும் அத்தை முதலில் எழுந்து தேநீர்தான் போட்டுக் கொடுத்தார்.